தவமணியும் என் போனின் வெளிச்சமும்

தவமணி இறந்துபோன செய்தி தவமணியின் எண்ணிலிருந்துதான் வந்தது. காலையில் கடையைத் திறந்து கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் பெயரைப் பார்த்ததும், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன தவமணி, எப்ப வேலைக்கு வர்ற? இங்க வர்றவங்கெல்லாம் ஒன்னத்தான் கேக்குறாங்க" என்றேன். கொஞ்சம் சலிப்போடுதான் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் பேசியது அவள் கணவர் சந்திரன். "அண்ணே, அவ போயிட்டாண்ணே."

போனை வைத்துவிட்டு நிற்கும்போதே ஒரு பெண் கடைக்குள் வந்தார். கையில் திரை உடைந்த போன். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். "தவமணி மிஸ் வரல்லியா? அப்ப நான் அவங்க வந்தப் பொறகு வாறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வதற்குள் அவர் பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டார். துக்கம் முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே எனக்கு வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். நானும் இதே கடையில்தான் இருக்கிறேன். அவளுக்கு முன்பிருந்தே இருக்கிறேன்.

தவமணியைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஆனால் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட என்னைவிட நெருக்கமான இடம் யாருக்கும் கிடைத்ததில்லை. ஒரே மேசை, ஒரே டியூப் லைட், முழங்கை முட்டுகிற தூரம். அந்த இடத்திலிருந்துதான் நான் எழுத முடியும்.

அவள் தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். கல்யாணமாகி இரத்தினபுரிக்கு வந்தாள். சந்திரன் இங்கே ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டுகிறார். போன் திருத்தும் வேலையை ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்து, முதலாளியிடம் நேராக, "எனக்கு வேல தெரியும், சிங்களமும் தெரியும், வாயும் இருக்கு" என்று சொன்னாள். முதலாளி சிரித்துவிட்டார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். நான் அந்தக் கடையில் சேர்வதற்கு எத்தனை நாள் நடந்தேன் என்பது வேறு கதை.

அடக்கமானவள் என்று யாராவது அவளைப் பற்றி எழுதினால் நம்பாதீர்கள். தான் செய்த வேலையைத் தானே மெச்சிக்கொள்வாள். ஒரு போனை உயிர்ப்பித்துவிட்டால், "பாத்தீங்களாண்ணே, எந்திரிச்சிருச்சு" என்று மேசையைத் தட்டுவாள். கடைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

ஒரு நாள் பால் வெட்டும் பெண் ஒருவர் வந்தார். மகன் கட்டாரில் இருக்கிறான். அவனோடு வீடியோவில் பேசும்போது திரை மங்கிப்போகிறது, பிள்ளையின் முகமே தெரியவில்லை என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். வேறு எங்கோ திரைக்கு மேலே புதிதாக டெம்பர் கிளாஸ் என்ற காப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தார்கள். அதன் கறுப்பு விளிம்பு மேலே இருக்கும் சென்சரை மறைத்திருந்தது. "சென்சர் கவராகி இருக்கு, அதான் ஓட்டோ பிரைட்னஸ் கொறையுது, கிளாஸ மாத்தணும்" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கண்ணாடி விற்பதற்காக நான் கதை கட்டுகிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

தவமணி எட்டிப் போனை வாங்கினாள். "அக்கா, இங்க பாருங்க. காது வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல கண்ணாடிக்குக் கீழ ஒரு சின்னக் கண்ணு இருக்கு. வெளிய எவ்வளவு வெளிச்சம்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். வெயில்ல போனீங்கனா திரைய கூட்டும். இருட்டுக்குள்ள போனா, ஒங்க கண்ணு கூசாம இருக்கக் கொறைக்கும். ஒங்களுக்குக் கிளாஸ் ஒட்டுனவன் அந்தக் கண்ணக் கட்டி வுட்டுட்டான். பட்டப் பகல்லயும் அது ராத்திரினு நெனச்சுக்கிட்டு இருக்கு."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். "அட பாவமே, அதுக்கும் கண்ணக் கட்டுனாங்களா" என்றார். கிளாஸை மாற்றச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது ஒரு பை நிறைய ரம்புட்டான் கொண்டுவந்து தவமணியின் பக்கம் வைத்தார். நான் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றுதான். ரம்புட்டான் மட்டும் அவளுக்கு. பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிட்டேன், இனிப்பாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

இரத்தினக்கல் வியாபாரி ஒருவரின் கதை இதைவிட மோசம். அவருடைய போனுக்கு நான்தான் புதிய டிஸ்பிளே போட்டிருந்தேன். சுத்தமான வேலை. இரண்டு நாளில் கோபமாக வந்து நின்றார். நீலக்கல்லின் படத்தை வீட்டுக்குள் காட்டினால் ஒரு நிறம், தெருவில் காட்டினால் வேறு நிறம் என்று வாங்குகிறவன் சந்தேகப்படுகிறானாம். மட்டமான டிஸ்பிளேயைப் போட்டுவிட்டாய் என்று சிங்களத்தில் கத்தினார். கடைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு கல் வியாபாரி உன்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டால் மறுநாள் அது எல்லாக் கல் வியாபாரிகளுக்கும் தெரிந்துவிடும்.

தவமணி எழுந்து அவரை வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். தொப்பியால் நிழல் போடச் சொன்னாள். திரை மெல்ல இறங்குவதையும் மறுபடி ஏறுவதையும் அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தாள். "மாத்தயா, கல்ல லைட்டுக்குக் கீழ ஒரு தடவ பாத்துட்டு, அப்புறம் வெயில்லயும் பாத்துத்தானே வெல சொல்றீங்க? படமும் அப்படித்தான். படம் மாறல. அதுக்குப் பின்னால எரியிற வெளக்குத்தான் மாறுது. யாவாரம் பேசும்போது ஓட்டோவ நிப்பாட்டி வைங்க" என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் கோபம் அப்படியே வடிந்தது. போகும்போது அவளிடம், உங்கள் கடை வேலை நல்ல வேலை என்றார். உங்கள் கடை! அந்த டிஸ்பிளேயைப் போட்டவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு பெருமை இருந்தது. ஓரிரு சிறு பத்திரிகைகளில் நான் தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதிவந்தேன். திரை வெளிச்சம் தானாக எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைப் பற்றியும் விரிவாக ஒன்று எழுதினேன், படம் வரைந்து. நம் கண் வெளிச்சத்தை அளக்கும் விதமே வேறு, இருட்டில் ஒரு சின்ன விளக்கு பெரிய மாற்றம், வெயிலில் பத்து விளக்கு ஏற்றினாலும் மாற்றமில்லை, அதனால் போனும் அந்தக் கணக்கில்தான் வெளிச்சத்தைக் கூட்டுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்து அதைப் படித்தவள் தவமணி ஒருத்திதான். படித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே. ஆனா இத யாருக்குச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பிறகு அதே விஷயத்தைக் கடை வாசலில் நின்று பேசி ஒரு வீடியோ போட்டாள். தெஹியோவிட்ட பஸ்ஸில் இறப்பர் மரங்களுக்கு நடுவே போகும்போது வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்குமே, ஒவ்வொரு நிழலுக்கும் திரை மங்கினால் என்ன ஆகும், அதனால்தான் போன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது என்று சொன்னாள். அதில் அவள் சொன்ன ஒரு வரியைப் பல பேர் இன்றைக்கும் சொல்லிக் கேட்கிறேன். "வெளிச்சம் வந்துச்சுனா போன் சட்டுனு நம்பிரும். இருட்டு வந்தா மட்டும், நெசந்தானானு நின்னு பாக்கும்."

அந்த வீடியோ கேகாலைப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் போனது. முன்பின் தெரியாதவர்கள் போனில் கோல் எடுத்து அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். என் மனைவியே எனக்கு அதை அனுப்பி, "பாருங்க, எவ்வளவு லேசா சொல்லுது இந்தப் புள்ள" என்று எழுதியிருந்தாள். என் கட்டுரை வந்த பத்திரிகை அந்த நேரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது.

இனிச் சொல்லப்போவது எனக்கும் தவமணிக்கும் நடுவில் நடந்தது. சந்திரனுக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியும்.

ஒரு நாள் ஏதோ ஒரு நம்பர் பார்ப்பதற்காக என் போனை எடுத்தாள். எடுத்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னண்ணே இது, கண்ணக் குத்துது!" என்று சிரித்தாள்.

"ஓட்டோலதான் இருக்கு" என்றேன்.

"ஓட்டோல இருந்தா இந்த லைட்டுக்கு இவ்வளவு ஏறாதே."

சென்சர் பழுதாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே என் போனைக் கழற்றிச் சென்சரை மாற்றினேன். சில நாள் கழித்து அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதே வெளிச்சம். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, சென்சர் ரெண்டுமே நல்ல சென்சர்தான். வெளிச்சத்த அது சரியாத்தான் அளக்குது. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் கைய வச்சு, பத்தல பத்தலனு கூட்டி விட்டிருக்கீங்க. அதப் பாத்துப் பாத்து அது படிச்சிருக்கு. இந்த ஆளுக்கு இந்த வெளிச்சம் வேணும்னு. பழுது போன்ல இல்ல."

"பின்ன எங்க?"

"கண்ணக் காட்டுங்க. பெரியாஸ்பத்திரில கண் கிளினிக் இருக்கு."

இந்தத் தொழிலில் கண்தான் எல்லாம். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே மணலைவிடச் சின்னதான பாகங்களை எடுத்து ஒட்டுகிற வேலை. அந்த மைக்ரோஸ்கோப்பை முதலாளியிடம் கெஞ்சி வாங்க வைத்தவன் நான். அதில் உட்காரும் உரிமை எனக்குத்தான் இருந்தது. பேச்சு, வாடிக்கையாளர், ரம்புட்டான், வீடியோ எல்லாம் அவளுக்குப் போனபின் எனக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதிலும் கை வைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"என் எடத்துல ஒக்காரணும்னு பாக்குறியா?" என்று கேட்டேன்.

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். "ஆமாண்ணே, ஒக்காரத்தான் பாக்குறேன். வந்த நாள்லயிருந்து பாக்குறேன். ஆனா ஒங்கள ஜெயிச்சு ஒக்காரணும். நீங்க குருடாகி எந்திரிச்ச எடம் எனக்கு வேணாம்" என்றாள்.

அதன்பின் சில நாட்கள் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. கடையில் விற்பதற்கு இருந்த பழைய போன்களில் ஒரே மாதிரியான இரண்டை எடுத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, ஒன்றை என் முன்னால் வைத்தாள். மற்றதை அவள் வைத்துக்கொண்டாள். "இந்த வாரம் ரெண்டு பேரும் இதத்தான் பாவிக்கிறோம். கடையில, இதே மேசையில. வெளிச்சம் பத்தலனா கூட்டிக்கங்க, கூசுனா கொறச்சுக்கங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். தோற்கடிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் சம்மதித்தேன். கூட்டவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஆனால் எழுத்துத் தெரியாதபோது கை தானாகப் போகிறது. எத்தனை முறை போனது என்று எனக்கே தெரியவில்லை.

வார முடிவில் இரண்டு போனையும் டியூப் லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே அறை, ஒரே வெளிச்சம், ஒரே மாதிரிச் சென்சர். அவளுடையது பாதியில் நின்றது. என்னுடையது கிட்டத்தட்டக் கடைசிவரை போய் எரிந்துகொண்டிருந்தது. அவள் மேசையைத் தட்டவில்லை. தவமணி மேசையைத் தட்டாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளினிக்குக்கு அவளும் வந்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "சிங்களத்துல டொக்டர் வேகமாப் பேசுனா ஒங்களுக்கு வெளங்காது" என்றாள். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தாதி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்து கொடுக்கிற இடத்திலிருந்தும் ஒருவர் கையசைத்தார். ஆஸ்பத்திரியில் பாதிப் பேருடைய போன் அவள் கையில் பட்டிருந்தது. நோயாளி நான். நலம் விசாரித்ததெல்லாம் அவளை.

டொக்டர் சோதித்துவிட்டுச் சொன்னது இதுதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. இடது கண்ணின் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது. ஆனால் தினமும் சொட்டு மருந்து விட்டு, ஒழுங்காகக் கிளினிக் வந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்னும் பிந்தி வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை, நோய் இருப்பதே தெரியாமல் போகிற நோய் இது, உங்களை வரச் சொன்னது யார் என்று கேட்டார்.

"போன்" என்றேன்.

வெளியே வந்ததும் தவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம் பேரச் சொல்ல அவ்வளவு கஷ்டமாண்ணே?" பிறகு அழுதாள். அந்த இரண்டையும் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்களுக்கு நடுவே எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்தாள். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நுண்ணிய வேலையை நான் குறைக்க வேண்டும் என்று முதலாளியே முடிவெடுத்தார். நாற்காலி மாறியது. நான் முன்பக்கம், அவள் மைக்ரோஸ்கோப்பில். முதல் நாள் உட்கார்ந்ததும், "இது நான் ஜெயிச்சது இல்ல. கணக்குல சேராது" என்றாள். ஆனால் அவளுக்கு அந்த வேலை நன்றாகவே வந்தது. என்னுடைய கைக்குக் கொஞ்சம் கீழே என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பிறகு சமம் என்றேன். அதற்கு மேல் ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

முன்பக்கத்தில் நான் திணறினேன். ஒருவர் போய் ஒருவர் வருவார்கள், கேட்டதையே கேட்பார்கள், சொல்வதை நம்ப மாட்டார்கள். அவள் குனிந்தபடியே சிரிப்பாள். "வாயும் ஒரு வேலதாண்ணே. இப்பத் தெரியுதா?" என்பாள்.

இந்த முறை களு கங்கை பெருகியபோது கடைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் சந்திரன் வேலை செய்யும் தோட்டத்தின் கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் புகுந்தது. வடிந்த பிறகு தவமணி விடுப்பு எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்தவர்களோடு சேர்ந்து சேறு அள்ளினாள். காலில் ஏற்கனவே ஒரு காயம் இருந்ததாம். காய்ச்சல் வந்தபோது, நனைந்ததால் வந்தது என்று பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது சிறுநீரகம் வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். என் கண்ணில் நடப்பதை ஒரு போன் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டவள், தன் உடம்பில் வந்ததைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டாள்.

இறுதிக் கிரியைக்குப் போனேன். தோட்டத்து மைதானத்தில் நிற்க இடமில்லை. பால் வெட்டுகிறவர்கள், கல் வியாபாரிகள், தாதிமார், பஸ் கண்டக்டர்கள். மேட்டுப் பௌத்தப் பன்சலையிலிருந்து பெரிய பிக்குவான ஹாமுதுருவும் வந்திருந்தார். அவருடைய போனையும் அவள்தான் பார்ப்பாளாம். என் சாவுக்கு இதில் எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று நினைத்துப் பார்த்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

சந்திரன் என்னைத் தனியாக ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணே, அவளுக்கு ஒங்க மேல ஒரு கோவம் இருந்திச்சு. எங்க அண்ணன் எதையெதையோ எழுதுறாரு, என்னப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டேங்குறாருனு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவள் படித்திருந்தால் நல்லாருக்குண்ணே என்றிருப்பாள். பிறகு ஏதாவது ஒரு கேள்வி கேட்டு, அந்த 'நல்லாருக்கு' என்பதைக் கெடுத்திருப்பாள்.

போன வாரம் வயதான ஒருவர் கடைக்கு வந்தார். திரை ஒரு நேரம் கூடுகிறது, ஒரு நேரம் குறைகிறது, பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். வாங்கிப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. "ஐயா, வீட்டுல ஒங்க சம்சாரம் என்ன செய்வாங்க? நீங்க பேப்பர் படிச்சா லைட்டப் போட்டு விடுவாங்க, கண்ணயர்ந்தா அமத்தி விடுவாங்க. நீங்க கேக்க மாட்டீங்க, அவங்களாவே பாத்துச் செய்வாங்க. இந்தப் போனும் அப்படித்தான். புதுசுங்கிறதால ஒங்க பழக்கம் இன்னும் புடிபடல. கொஞ்ச நாள் நீங்களே கூட்டிக் கொறச்சுக் காட்டுங்க, படிச்சுக்கும்" என்றேன். முன்கூட்டி யோசித்து வைத்த பேச்சு இல்லை. அதுவாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"தவமணி மிஸ் சொல்ற மாதிரியே சொல்றீங்க" என்றார்.

இல்லை ஐயா, இது நானே சொன்னது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. இதுவும் அவளுக்கா என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் அவர் சொன்னதும் பொய் இல்லை.

தவமணியிடமிருந்து எனக்குக் கிடைத்து இன்னும் என்னிடம் இருப்பவை இரண்டு: மிச்சமிருக்கும் இந்தப் பார்வை, எப்போது கற்றுக்கொண்டேன் என்றே தெரியாத இந்தப் பேச்சு. இரண்டுமே அவளுடையவை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் நான் பொறாமைப்பட வேறு யாரும் இல்லை.